ஸ்கேனர் தூண்: பெரிய மார்க்கெட்டில் ஒரு மேற்பரப்பு அகழாய்வு

அரிக்கமேட்டில் 1945இல் குழி தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலருக்குக் கைகொடுத்தது தங்கமல்ல, உடைந்த சட்டி. இத்தாலியின் அரெஸ்ஸோ பாணிச் செந்நிற மட்கலத்தின் ஓடுகள் அவை. அந்த மட்கலம் எப்போது புழங்கியது என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்த சங்கதி. ஆகவே ஓடு கிடந்த மண்ணடுக்கின் காலம் தெரிந்தது. கூடவே கிடந்த நம்மூர்ச் சட்டிபானைக்கும் வயது சொல்ல முடிந்தது.

அதே முறையை அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் தூண் ஒன்றுக்குப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அரசுத் தாள்களில் இது குபேர் அங்காடி. அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் இரண்டு முறை யோசிப்பார் என்பதால் ஆய்வாளர் மக்கள் வழக்கையே கைக்கொள்கிறார். தூண், வெங்காயமும் பூண்டும் விற்கும் கடையொன்றின் முகப்பில் நிற்பது. அதன் ஒரு பக்கம் முழுக்க க்யூஆர் அட்டைகள். மார்க்கெட் வழக்கில் ‘ஸ்கேனர்’. மண்வெட்டி தேவைப்படவில்லை, கட்டைவிரல் நகமே போதும். ஆனால் கடைக்காரர் “கிழிச்சிடாத சார், பாத்துக்க மட்டும் செய்” என்று நிபந்தனை போட்டதால், விளிம்பு தானாகப் பெயர்ந்த இடங்களில் மட்டுமே ஆய்வு நடந்தது. தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்குவது இதைவிட எளிதாக இருந்திருக்கலாம்.

ஆகக் கீழே ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும். அதன்மேல், சுண்ணாம்போடு சுண்ணாம்பாகிவிட்ட ஃப்ரீசார்ஜ் துண்டு ஒன்று. சாமானியப் பொருளல்ல அது. 2015இல் ஸ்னாப்டீல் அந்த நிறுவனத்தைச் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியதாகப் பத்திரிகைகள் மாய்ந்து மாய்ந்து எழுதின. இரண்டே ஆண்டில், 2017 ஜூலையில், ஆக்சிஸ் வங்கி அதை 385 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. டாலர்க் கோடி ரூபாய்க் கோடியாக இறங்கிய இவ்வடுக்கைத் ‘தள்ளுபடிக் காலம்’ என்று குறிக்கலாம்.

அதற்கு மேல் 2016 நவம்பர் 8 இரவு. இதை அடுக்கு என்பதைவிடச் சாம்பல் படலம் என்பதே சரி. 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்த கையோடு, மறுநாளே பேடிஎம் பிரதமர் படம் போட்டு முழுப்பக்க விளம்பரம் தந்தது. தூணில் நீல நிற அட்டைகள் தடித்துக் கிடப்பதன் காரணம் இந்தப் படலமே. டிசம்பர் 30இல் அரசு கொண்டுவந்த பீம் செயலியின் அட்டை, அரசு ஊழியருக்கே உரிய அடக்கத்தோடு ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கிறது.

நம்முடைய அரெஸ்ஸோ ஓடு இதற்கு மேலே கிடைத்தது: ‘தேஸ்’ என்ற பெயர் அச்சிட்ட ஒரு துணுக்கு. கூகுள் இச்செயலியை 2017 செப்டம்பரில் இந்தியாவில் இறக்கியது. 2018 ஆகஸ்டில் கூகுள் பே என்று பெயரை மாற்றியது. ஆக, தேஸ் அட்டை ஒட்டிய கையின் காலத்தைப் பதினோரு மாத இடைவெளிக்குள் அடைத்துவிடலாம். ரோமானியக் குயவர்கள்கூட இவ்வளவு துல்லியமாக ஒத்துழைத்ததில்லை. தொழில்நுட்ப நிறுவனங்கள் வைத்த பெயரில் நிலைத்திராமல் இருப்பதைப் பலர் குறை சொல்கிறார்கள். வருங்கால அகழாய்வாளர்கள் அவர்களுக்குக் கோயில் கட்டுவார்கள்.

இனி ஆய்வின் மையச் சிக்கலுக்கு வருவோம். யுபிஐ அட்டை எதுவானாலும் எந்தச் செயலியாலும் படிக்கலாம். ஃபோன்பேயின் ஊதா அட்டையைப் பேடிஎம்மின் நீலச் செயலி படிக்கும், நீல அட்டையை ஊதாச் செயலி படிக்கும். ஒரு கடைக்கு ஓர் அட்டை போதும். அப்படியிருக்க நம் தூணில் பெயர்க்காமல் எண்ண முடிந்தவையே ஏழு. எதற்கு?

பூக்கடைப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் இதை அலங்காரம் என்பார்கள்: சும்மா கிடைத்தது, ஒட்டினோம், சுவரில் ஓட்டை மறைந்தது. மளிகைப் பள்ளி குடும்பக் காரணம் சொல்கிறது: ஒன்று அப்பா கணக்கு, ஒன்று மகன் கணக்கு, மூன்றாவது மருமகளுக்குத் தெரியாத கணக்கு. இவ்விரண்டும் தள்ளத்தக்கவை அல்ல. ஆனால் முழுமையும் அல்ல. மீன் பகுதிப் பள்ளியின் கருத்தே வலுவானது. சங்கரா கூறு போட்டு விற்கும் ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டபோது, கத்தியை நிறுத்தாமலே பதில் வந்தது: “ஒரு கம்பெனிய நம்பி ஒரு கூறு சங்கரா குடுக்கலாம் நைனா. கூடைய குடுக்க முடியுமா?”

அவருடைய அட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். லேமினேட் செய்து, நைலான் கயிற்றில் கோத்து, குடைக்கம்பியில் தொங்குகிறது. பெயர் அவருடையதல்ல, மகளுடையது. மூன்று மூலைக் கட்டங்களில் ஒன்றுக்குப் பக்கத்தில் செதில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஆனாலும் போன் படித்துவிடுகிறது. இதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் டென்சோ நிறுவனத்தின் மசாஹிரோ ஹாரா 1994இல் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க இக்குறியை உருவாக்கியபோது, தொழிற்சாலை அழுக்கை மனத்தில் வைத்தே உருவாக்கினார். திருத்தத் திறனை உச்சத்தில் வைத்துவிட்டால், ஏறக்குறைய 30 சதவீதம் சிதைந்தாலும் மீதியிலிருந்து முழுச் செய்தியையும் மீட்டுவிடலாம். மீன் செதில் இந்த வரம்பை மீறுவதே இல்லை.

30 சதவீதம் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். எந்தச் செயலியும் யுபிஐ பரிவர்த்தனைகளில் 30 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2020 நவம்பரில் அறிவித்தது. ஏற்கெனவே பெரிதாக இருந்தவர்களுக்கு 2022 முடிய அவகாசம். பிறகு அது 2024 முடிய ஆயிற்று. பிறகு 2026 முடிய. இதற்கிடையே ஃபோன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து பத்துப் பங்கில் ஏறத்தாழ எட்டுப் பங்கை வைத்திருக்கின்றன. நம் கடையில் கல்லாவுக்கு மேலே ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்று ஒரு பலகை தொங்குகிறது. கடைக்காரர் அதை எழுதிப் பல வருஷமாகிறது. அந்த நாளை இன்னும் விடியவில்லை. கழகத்தார் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

அடுத்து, பெட்டி. ‘இவ்வளவு ரூபாய் பெறப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையில் கூவும் அந்தச் சின்ன ஒலிபெருக்கி. பணம் போட்டதாகப் பொய்த் திரையைக் காட்டிவிட்டு நடையைக் கட்டுபவர்களுக்கு எதிராகப் பிறந்தது இது. உள்ளே ஒரு சிம் இருக்கிறது, மாத வாடகை இருக்கிறது. 2020 ஜனவரி முதல் யுபிஐயில் வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டதால், பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் கம்பெனிக்கு வியாபாரியிடமிருந்து காசில்லை, கூவுவதில்தான் காசு. அதிலும் பெரிய காசு, வரவுசெலவைப் பார்த்துக் கடன் கொடுப்பதில். எல்லாம் இலவசம் என்ற சுவரொட்டியைப் படித்த பூண்டுக்காரர் சொன்ன ஆய்வுரை: “இப்ப இலவசம்.” அந்த ‘இப்ப’வை வணிகப் பத்திரிகைகளின் முதலீட்டாளர் பக்கங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. 2021 நவம்பரில் பேடிஎம் பங்கு 2,150 ரூபாய்க்கு வெளியாகி, பட்டியலிட்ட முதல் நாளிலேயே கால் பங்குக்கு மேல் சரிந்ததே, அன்றைக்கு அவர் ஒருவரைக் கலந்து பேசியிருக்கலாம்.

2024 ஜனவரி 31 இந்த ஆய்வுக்கு இயற்கையாக அமைந்த சோதனை. பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி புதிதாக வைப்புப் பணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. முதலில் பிப்ரவரி 29 வரை அவகாசம், பிறகு மார்ச் 15. பெட்டி ஊமையாகுமா, அட்டை செத்துப்போகுமா என்று நாடெங்கும் கேள்வி. மார்ச் 14 அன்று வேறு வங்கிகளின் துணையோடு செயலியாகத் தொடரலாம் என்று அனுமதி வந்தது. நம் தூணில் அந்தக் காலத்துக்குரிய தடயம் என்ன? நீல அட்டை கிழிக்கப்படவில்லை. அதன் பக்கத்தில் ஊதா அட்டை ஒன்று கூடுதலாக ஏறியிருக்கிறது. ஆக, விதி இது: ஒரு கடையில் ஒட்டியிருக்கும் அட்டைகளின் எண்ணிக்கை, அந்தக் கடைக்காரர் இதுவரை கேள்விப்பட்ட கம்பெனி அறிவிப்புகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

ரிசர்வ் வங்கி உத்தரவு வந்த நாட்களை ஒட்டியே இன்னொரு செய்தி. ஜனவரி 25 அன்று ஜெய்ப்பூரில் பிரதமர் மோதி பிரெஞ்சு அதிபர் மக்ரோனுக்கு யுபிஐயை விளக்கிக் காட்டினார். பிப்ரவரி 2 அன்று ஐஃபல் கோபுர நுழைவுச்சீட்டை யுபிஐயில் வாங்கலாம் என்று அறிவிப்பு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் அல்லவா, இங்கே பட்டாசு வெடித்திருக்க வேண்டும். போன் சிக்னல் சரியாக எட்டாத மீன் பகுதியிலிருந்து பதிவானது ஒரே ஒரு கேள்வி: “ஐஃபல் டவர்ல டவர் கெடைக்குதாமா?”

இந்த ஐயப்பாடு நேற்று முளைத்ததல்ல. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மாளிகை கட்டி வாழ்ந்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை பிரெஞ்சுக் கம்பெனியார் சொன்னது, செய்தது, கடன் வைத்தது எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தக் கம்பெனிக்கும் தலைமையகம் கடல் கடந்துதான். ஆளுநர் தூப்ளேக்ஸ் 1754இல் திருப்பி அழைக்கப்பட்டதும், 1769இல் கம்பெனியின் தனியுரிமையே போனதும் பிரான்சில் எடுத்த முடிவுகள். பிறகு இந்தோசீனா வங்கி அச்சடித்த ரூப்பித் தாள் இங்கே புழங்கியது. ஒரு ரூப்பிக்கு எட்டுப் பணம். 1954இல் ஆட்சி கைமாறியதும் அதுவும் போயிற்று. தாள் போன ஊரில் அட்டை போவதற்கு யாரும் மாரடித்துக்கொள்வதில்லை.

மறுதரப்பையும் பதிவு செய்வது ஆய்வு நேர்மை. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன; இவ்வளவு சந்தேகப்படுகிறவர்கள் ஏன் விடாமல் வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். வசதியாக இருக்கிறது, சில்லறைத் தொல்லை இல்லை, அவ்வளவுதான். வசதியும் நம்பிக்கையும் வேறு வேறு கல்லா. அதற்கு முந்தைய மாதம் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரரிடம் 29 லட்சம் கேட்டார்கள். காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. பெங்களூரில் பல கடைகள் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதின. சங்கரா அம்மாவோ அப்போதும் இப்போதும் ஒரே கொள்கைதான்: “போணிய காசா குடு நைனா. அப்புறம் செல்லுல போட்டுக்கோ.” நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுருக்குப்பையில் செருகுகிறார். அட்டையைக் கண்ணில் ஒற்றியவரை இதுவரை எந்த ஆய்வாளரும் கண்டதில்லை.

ஆய்வுக்களம் ஆபத்தில் இருப்பதையும் குறிப்பிட வேண்டும். சீர்மிகு நகரத் திட்டத்தில் மார்க்கெட்டை இடித்துக் கட்டும் யோசனை எழுந்தபோது, பழுதுபார்த்தால் போதும் என்று வியாபாரிகள் எதிர்த்தார்கள். இடிக்கும் நாள் வந்தால் தூணுக்கு எண்ணிட்டு, அப்படியே பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைக்கலாமா என்று பூண்டுக்காரரிடம் அனுமதி கேட்டேன்.

“தூண எடுத்துக்கினு போ சார். ஸ்கேனர வுட்டுட்டுப் போ. அதுல ரெண்டு வேல செய்யுது.”

எந்த இரண்டு என்றேன்.

“அது சர்வரப் பொறுத்து” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குப் பூண்டு நிறுத்தப் போய்விட்டார்.