ரப்பர் மரத்தின் அக்ரூட் வேஷம்

ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் ஏந்தி, அக்ரூட் மரத்தாலான துப்பாக்கிக் கட்டையின்மேல் சூடு பிறக்கும்வரை தேய்த்து, உலர்வதற்கு நாட்கணக்கில் காத்திருந்து மறுபடியும் தேய்ப்பதையே தவமெனக் கருதும் மேனாட்டு ரசிகர் எவரேனும் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் குடியேறுவாராயின், அவருக்கு நேரும் முதற் சங்கடம் துப்பாக்கி இல்லாமையே. உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்போருக்குச் சிறையும் பிரம்படியும், பிறரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு சுடுவோருக்குத் தூக்கும் விதிக்கும் 1973-ஆம் வருஷத்துச் சட்டத்தின் சந்நிதியில் மெருகெண்ணெய்க்கு என்ன மரியாதை?

ஆயினும் கலாரசனை தோற்பதில்லை. ரப்பர் மர நாற்காலிகள் இருக்கின்றனவே! சுமார் 25 வருஷம் பால் தந்து, அது வற்றியதும் வெட்டுண்ட அந்த மலாயாத் தோட்டத்து மரம், இயல்பில் வெளிறிய மேனியதாயினும், பழுப்புச் சாயம் ஒரு பூச்சுப் பெற்ற மாத்திரத்தில் அக்ரூட் என்னும் பிரபு நாமம் தரித்து அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் கொலுவீற்றிருக்கிறது. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளே அதன் ஐரோப்பியப் பாரம்பரியத்தை விருந்தினருக்கு விஸ்தாரமாக வர்ணிக்கின்றனர்.

அந்நாற்காலிக்கு மெருகிட்டபின், ஆளிவிதை எண்ணெய் ஊறிய கந்தலை மட்டும் குவித்து வைக்கலாகாது. பிராணவாயுவை உட்கொண்டு தானே சூடேறித் தீப்பற்றிவிடக் கூடும். கந்தலுக்கு எவரும் உரிமம் கேட்பதில்லை.