வட்டப்பாறைக்கு வாருங்கள், ஐயா

திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடிய இரட்டைப்புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது. மற்றவருக்குக் கால் நடக்காது. நடக்க முடியாதவர் பார்வையில்லாதவரின் தோளில் ஏறிக்கொண்டு வழி சொல்ல, ஊர் ஊராகப் போய்ப் பாடியிருக்கிறார்கள். வெண்பாவின் முன்பாதியை ஒருவர் எடுத்துக் கொடுப்பார், பின்பாதியை அடுத்தவர் முடிப்பார். நல்லவேளை, அந்தக் காலத்தில் விளையாட்டு நிர்வாகம் என்று ஒன்று கிடையாது. இருந்திருந்தால், "ஆளுக்கு அரை வெண்பாதானே பாடினீர்கள், பரிசிலும் அரைதான்" என்று வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உலக பாட்மின்டன் சம்மேளனத்தின் வேர்ல்டு டூர் போட்டிகள் பலவற்றில் பரிசுப் பணம் இப்படித்தான் பிரிகிறது: மொத்தத் தொகையில் ஒற்றையர் சாம்பியனுக்கு 7.5 சதவீதம், இரட்டையர் சாம்பியன்களுக்கு 7.9 சதவீதம். இந்த 7.9 ஜோடிக்கு, தலைக்கு 3.95. 1 லட்சம் டாலர் போட்டியில் தனியாக ஆடி ஜெயித்தவர் 7,500 டாலரோடு வீட்டுக்குப் போவார், சேர்ந்து ஆடி ஜெயித்தவர் 3,950 டாலரோடு போவார். ஆனால் விமானத்தில் பாதி சீட்டு கிடையாது. பேட் நரம்பு பாதி அறுவதில்லை. முட்டிவலிக்கு பிசியோ பாதிக் கட்டணம் வாங்குவதில்லை. இதுவும் கோப்பையை வென்றால் கிடைக்கிற கணக்கு. இரண்டாம் சுற்றில் தோற்றவர் கையில் என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

உலகக் கணக்கு கிடக்கட்டும், நம்மூர் மரியாதைக்கு வருவோம். 1983-இல் பிரகாஷ் படுகோன் வெண்கலம் வாங்கிய பிறகு, உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்கு அடுத்த பதக்கம் கிடைக்க 28 வருஷம் ஆயிற்று. வாங்கி வந்தது சிந்துவும் இல்லை, சாய்னாவும் இல்லை. 2011-இல் ஜுவாலா கட்டாவும் அஷ்வினி பொன்னப்பாவும், பெண்கள் இரட்டையரில். அதற்கு முந்தைய வருஷம் டெல்லி காமன்வெல்த்தில் அவர்கள்தான் தங்கம். இதற்குக் கைம்மாறு 2013-இல் வந்தது. இந்தியன் பாட்மின்டன் லீக் ஏலத்தில் இவர்களுடைய அடிப்படை விலை 50,000 டாலர் என்று அறிவித்துவிட்டு, ஏலத்தின்போது 25,000 ஆக்கினார்கள். பாதி! நம் நிர்வாகத்துக்குத் தெரிந்த ஒரே வகுத்தல் இரண்டால் வகுப்பதுதான் போலிருக்கிறது. அதே லீக்கில், எதிரணி ஆளை மாற்றியதை ஒட்டி எழுந்த தகராறில், ஜுவாலாவுக்கு ஆயுள் தடை விதிக்கலாம் என்று ஒழுங்கு நடவடிக்கைக் குழு பரிந்துரை செய்தது. டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டபிறகுதான் அவரால் மறுபடி பேட் பிடிக்க முடிந்தது. வாய் இருக்கிற பெண் இங்கே இரட்டையர் மட்டும் ஆடினால் போதாது. கூடவே ஒரு வக்கீலையும் ஜோடி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆண்கள் இரட்டையர் கதை தேவலையா? சாத்விக்கும் சிராக்கும் 2022-இல் தாமஸ் கோப்பை வென்ற அணியில் ஆடினார்கள், 2023 ஆசிய விளையாட்டில் தங்கம் எடுத்தார்கள், உலகின் முதலிடத்துக்கும் வந்தார்கள். 2024-இல் டி20 உலகக் கோப்பை வென்ற கிரிக்கெட் அணிக்கு மகாராஷ்டிர அரசு 11 கோடி அறிவித்தபோது, தாமஸ் கோப்பையும் உலகக் கோப்பைக்குச் சமம்தானே, எனக்கு ஒரு பாராட்டுகூட இல்லையே என்று மகாராஷ்டிரக்காரரான சிராக் வாய்விட்டுக் கேட்டார். கேட்டு வாங்குகிற மரியாதைக்கு என்ன மரியாதை என்பது வேறு விஷயம்.

இனி என் வயிறு எரிகிற இடம். பாரிஸ் ஒலிம்பிக்ஸ், 2024. அஷ்வினிக்கு வயது 34. தனிஷா கிராஸ்டோவோடு ஆடிய மூன்று குரூப் ஆட்டமும் தோல்வி. ஜூலை 30 அன்று, இதுதான் என் கடைசி ஒலிம்பிக்ஸ் என்று கண்ணீரோடு சொல்லிவிட்டு வெளியே வந்தார். இரண்டு வாரம் ஆகவில்லை, இந்திய விளையாட்டு ஆணையத்தின் செலவுப் பட்டியல் செய்தியாக வந்துவிட்டது. அஷ்வினிக்காக ஆண்டுப் பயிற்சி, போட்டித் திட்டத்தில் 1,48,04,080 ரூபாய், ஒலிம்பிக் பதக்க இலக்குக்கான டாப்ஸ் திட்டத்தில் 4.5 லட்சம். கடைசி எண்பது ரூபாயைக்கூட விடவில்லை பாருங்கள்! அவ்வளவு துல்லியம். ஒன்றரைக் கோடி தின்றுவிட்டு ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லையா என்று ஊரெல்லாம் பேச்சு.

அஷ்வினி கொதித்துப்போனார். அந்தப் பணம் யாரிடமிருந்து வந்தது, எதற்கு வந்தது, நான் வாங்கவே இல்லையே என்றார். முந்தைய நவம்பர் வரை சொந்தக் காசில்தான் போட்டிகளுக்குப் போனதாகவும், தகுதி பெற்ற பிறகே டாப்ஸில் சேர்த்ததாகவும், தன் பயிற்சியாளரை உடன் அனுப்பக் கேட்டும் மறுத்துவிட்டதாகவும் சொன்னார். ஆணையம் விளக்கியது: பணமாகக் கையில் கொடுத்ததாக யார் சொன்னார்கள்? தேசிய முகாம், வெளிநாட்டுப் போட்டி என்று அவருக்காகச் செய்த செலவு அது.

இந்த விளக்கத்தை விழுப்புரம் பக்கத்துத் திருவாமாத்தூர்க்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள். அபிராமேசுவரர் கோயிலில் ஒரு வட்டப்பாறை இருக்கிறது. அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் தப்ப முடியாது என்பது ஊர் நம்பிக்கை. தம்பியின் பங்கை அமுக்கிய ஓர் அண்ணன் சத்தியம் செய்ய வந்தானாம். பொன்னையெல்லாம் கைத்தடிக்குள் ஒளித்து, "இதைக் கொஞ்சம் பிடி தம்பி" என்று தடியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, "பொன் என்னிடம் இல்லை, அவனிடம்தான் இருக்கிறது" என்று பாறை மேல் கை வைத்தானாம். சொல்லுக்குச் சொல் உண்மை. ஆனாலும் போகிற வழியில் பாம்பு தீண்டியது என்பது கதை. சொல்லில் உண்மை இருந்தால் போதும் என்று அந்தப் பாறை ஒப்புக்கொள்ளவில்லை. நம் பட்டியல் எழுதியவர்களுக்கு அந்த பயம் தேவையில்லை; டெல்லியில் வட்டப்பாறை கிடையாது, வட்ட மேஜைதான் உண்டு.

இதே ஊரில் இன்னொரு கதையும் உண்டு. கோயில் பம்பை ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை இரட்டைப்புலவர்கள் மாற்றிப் பாடிவிட்டார்களாம். சபையில் குறை சொன்னதும், இரவோடிரவாக வெள்ளம் வந்து ஆறே இடம் மாறி ஓடியதாம். அது புலவர் வாக்கு. இப்போது ஆபீஸில் எழுதிய கணக்குக்கு ஏற்றபடி ஆட்டக்காரரின் வாழ்க்கை இடம் மாறி ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒன்று பார்த்தோம். பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ஓசூர் நித்யஸ்ரீ, சிவராஜனோடு கலப்பு இரட்டையரில் வெண்கல ஆட்டத்தில் தோற்றார். பிறகு ஒற்றையரில் வெண்கலம் வென்றார். வெண்கலத்துக்கு 1 கோடி, காஞ்சிபுரம் துளசிமதியின் வெள்ளிக்கு 2 கோடி என்று மாநில அரசு கொடுத்தது. கொடுத்தது நல்லது, குறை சொல்லவில்லை. ஆனால் கோடி எப்போதும் மேடைக்குப் பின்னால்தான் வருகிறது. மேடைக்கு முன்னால் இருக்கிற பதினைந்து வருஷத்துக்கு யார் படியளப்பது? கூலிவேலை செய்கிற அப்பன்தான்.

சாயங்காலம் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் பாருங்கள். சுண்ணாம்பில் கோடு போட்டு, வலைக்கு பதில் கயிறு கட்டி, பல்பு வெளிச்சத்தில் ஷட்டில் ஆடுகிறார்கள். எப்போதும் நாலு பேர்தான். காத்திருக்கிறவர்கள் அதிகம், தனித்தனியாக ஆட யார் விடுவார்கள்? இறகுக் காக் கட்டுப்படியாகாது, ஐந்து கிராம்தான் எடை, காற்றடித்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதனால் நைலான் காக். இந்த நாட்டில் பாட்மின்டன் பிறவியிலேயே இரட்டையர் ஆட்டம். அதை ஆடுகிற பிள்ளைகளில் ஒருத்தி அஷ்வினி அளவுக்கு வளர்ந்தால், அவளுக்கும் ஒரு பட்டியல் தயாராகத்தான் இருக்கும்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் "இத்தனை கோடி செலவு செய்தோம், பதக்கம் எங்கே" என்று மறுபடி செய்தி வரும். அப்போது ஆட்டக்காரரைத் திட்டுவதற்கு முன், எந்தத் தேதியில், யார் கையில், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று ரசீதைக் கேளுங்கள்.