தனி ஆவர்த்தனத்தின்போது தோசைக்கல்லில் நிகழ்பவை: ஒரு மார்கழி வார இறுதி ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

சென்னையில் ஒரு மார்கழி சனிக்கிழமை. ஏதாவதொரு சபா. பாடகர் பெரிய கீர்த்தனைக்கு நிரவலும் சுரமும் பாடி ஓய்ந்து, மிருதங்கக்காரர் பக்கம் லேசாகத் தலையசைக்கிறார். தனி ஆவர்த்தனம் தொடங்குகிறது. அதே கணத்தில் அரங்கில் இன்னோர் ஓசையும் எழுகிறது. மடக்கு நாற்காலிகள் ஒருசேர மடங்கும் ஓசை. இதற்கு இலக்கண நூல்களில் பெயரில்லை. எழுந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. நெய் வாசனையே வழிகாட்டிவிடும். ஏன் போகிறார்கள்? எல்லோரும் போனபின் தனியை யார்தான் கேட்கிறார்கள்? இவ்விரண்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினாக்கள்.

பருவம்

மார்கழியைக் குளிர்காலம் என்று கொள்ளலாமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். அதுவும் நூறு வருடத்துக்கு முந்திய சங்கதி. இன்றைக்கு டிசம்பர் இரவில் இருபதுக்குக் கீழே இறங்கிவிட்டால், மறுநாள் காலை நடைப்பயிற்சிக்காரர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. ஆனாலும் சபாவுக்கு வருவோர் குரங்குக் குல்லா, மஃப்ளர், சால்வை சகிதமாகத்தான் வருகிறார்கள். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அரங்கின் உள்ளே போயிராதவர்கள். சென்னையில் பனி பெய்வது வெளியே அல்ல, ஏ.சி.க்குக் கீழே. இரண்டு மணி நேரம் அதில் உட்கார்ந்த உடம்பு சூடாக ஒரு டம்ளர் காபி கேட்பது இயற்கை.

இந்தக் குளிர்காலத்துக்கு வரலாறும் உண்டு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. ஆக, டிசம்பர் சீசனுக்கு விதை போட்டது அரசியல். தண்ணீர் ஊற்றியது பஞ்சாங்கம் என்பது எமது துணிபு. மார்கழியில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லையென்றால் பாட்டுக்காரருக்கு ரிசப்ஷன் கச்சேரி இல்லை. சமையல்காரருக்குப் பந்தி இல்லை. ஒரே மாதத்தில் கை ஓய்ந்திருந்த இரு தரப்பையும் ஒரே காம்பவுண்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது சபா. கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர்களே சபா கேன்டீன்களையும் எடுத்து நடத்துவது இதற்குச் சான்று. எனவே சீசன் என்பதை ‘மணமக்கள் இல்லாத கல்யாணம்’ என வரையறுக்கிறோம். மொய்யை மட்டும் டிக்கெட் என்ற பெயரில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டுவிடுகிறார்கள்.

சொல்லாய்வு

‘கச்சேரி’ வடக்கிலிருந்து வந்த சொல். அரசாங்க அலுவலகம், நியாயஸ்தலம் என்பது அதன் பொருள். தாலுகா கச்சேரி என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ‘கேன்டீன்’ ஐரோப்பாவிலிருந்து வந்தது. இத்தாலியரின் ‘கான்டீனா’ என்பது திராட்சை மது வைக்கும் நிலவறை. ஆக, தனி தொடங்கியதும் நம் ரசிகர் கோர்ட்டிலிருந்து எழுந்து சாராயக் கிடங்குக்குப் போகிறார். வீட்டார் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே கிடைக்கும் ஆகக் கடுமையான பானம் டிகிரி காபி. அதைத் தாங்காதவர்களுக்கு ரோஸ்மில்க். காபி தமிழர் வாழ்வில் புகுந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் எழுதியிருக்கிறார். இந்தக் காலத்தில் காபி இருக்கிறது; கவுன்டரில் சில்லறைதான் இல்லை.

‘ரசிகர்’, ‘ரசம்’ இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. இது சிலேடையன்று. கலையின் ரசம் எப்படிப் பிறக்கிறது என்று விளக்க வந்த நாட்டிய சாஸ்திரமே, பல வியஞ்சனங்களோடு பக்குவமான உணவை ருசித்து உண்பவரைத்தான் உவமை காட்டுகிறது. ஆகவே கேன்டீனை நோக்கி விரைபவரை வழிதவறியவர் என்று ஏசக் கூடாது. அவர் மூலநூலைத் தேடிப் போகிறவர்.

எதிர்த்தரப்பார் வள்ளுவரைக் காட்டுவர். காதுக்கு உணவில்லாத வேளையில்தான் வயிற்றுக்குக் கொஞ்சம் தரலாம் என்று அவர் வரிசை வகுத்தது உண்மை. ஆனால் ‘கொஞ்சம்’ என்றால் எத்தனை வடை என்று உரையாசிரியர் எவரும் தெளிவுபடுத்தவில்லை.

வகைப்பாடு

வேங்கடமகி மேளங்களை 72 என்று பகுத்தார். எந்த மேளமானாலும் நிலை மாறாத சுரங்கள் இரண்டு: ஷட்ஜமும் பஞ்சமமும். எந்த சபாவானாலும் மாறாத பண்டங்களும் இரண்டு: காபியும் மெதுவடையும். மற்றவை சபாவுக்குச் சபா, நாளுக்கு நாள் மாறும். பைரவி ராகத்தில் ஏறும்போது ஒரு தைவதம், இறங்கும்போது வேறொரு தைவதம். பொடி இட்லிக்கும் அப்படியே. தேங்காய்ச் சட்னியோடு ஏறி, சாம்பாரோடு இறங்க வேண்டும். அடை அவியல் விளம்ப காலம், அவசரக்காரர்களுக்குக் கைவராது. ரவா தோசை வக்ர ராகம். சொன்ன வரிசையில் ஒருபோதும் வராது. பின்னால் சொன்னவருக்கு முன்னால் வந்து, முன்னால் சொன்னவரைத் தாண்டிப் போய், திரும்பி வரும். வர்ணத்தில் தொடங்கித் துக்கடாவில் முடியும் இன்றைய கச்சேரி வடிவத்தைத் தந்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). வடையில் தொடங்கிக் காசி அல்வாவில் முடியும் டிபன் வடிவத்தைத் தந்தவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. வரலாறு சமையல்காரர்களுக்கு என்றுமே ஓரவஞ்சனைதான்.

2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக ஏற்றது. அந்த அமைப்பில் சமையலுக்கும் தனிப் பிரிவு உண்டு. ஆனால் ஒரு நகரம் ஒரு துறையின் பெயரில்தான் சேரலாம். கேன்டீன் வரிசையில் நின்றிராதவர்கள் வகுத்த விதி.

களப்பணி: சனிக்கிழமை

ஆய்வு டிசம்பர் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு நடந்தது. சபாவின் பெயரைச் சொல்வது ஆய்வு அறமன்று. அடுத்த வருடமும் டிக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது. கைக்கொண்ட முறை பங்கேற்பு உற்றுநோக்கல். உற்றுநோக்கப் போய்ப் பங்கேற்றுவிடுவது என்று பொருள்.

தாள ஞானம் இல்லாதவர்களே தனிக்கு எழுந்து போகிறார்கள் என்பது எமது முதல் கருதுகோள். தனி தொடங்கியது. பக்கத்து இருக்கை மாமி கைப்பையை இருக்கையில் வைத்துவிட்டு எழுந்தார்.

“என்ன தாளம் மாமி?” என்று கேட்டோம்.

“ஆதி. ரெண்டு களை. சாவகாசமா அடையே சாப்பிடலாம். மிச்ர சாப்புன்னா போண்டாவோட ஓடி வந்துடணும்.”

கருதுகோள் அங்கேயே விழுந்தது. தாள ஞானம் இருப்பதால்தான் இத்தனை துல்லியமாக எழுந்து போக முடிகிறது. விழுந்த கருதுகோளைக் கையிலெடுத்துக்கொண்டு யாமும் மாமியின் பின்னால் போனோம்.

வரிசையில் இருவர் பேசிக்கொண்டது பதிவு செய்யப்பட்டது.

“பைரவி எப்படி ஓய்?”

“பேஷ். சட்னிதான் கொஞ்சம் நீர்த்துப்போச்சு.”

இவர்கள் இசையை மறந்துவிட்டார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒரே மூச்சில், ஒரே அளவுகோலால் இரண்டையும் எடைபோடுகிறார்கள். முன்வரிசையில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குபவரைவிட இவர்கள் விழிப்பானவர்கள். முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது: கல்யாணத்துக்கு வந்தவர்கள் பந்திக்குப் போகிறார்கள்; அவ்வளவுதான். எஞ்சியது இரண்டாம் வினா. தனியை யார் கேட்கிறார்கள்?

களப்பணி: ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் தனி தொடங்குவதற்கு முன்பே கேன்டீன் பந்தலின் பின்பக்கம், தோசைக்கல் அருகே இடம்பிடித்தோம். கல்லுக்கும் அரங்கின் பக்கச் சுவருக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு மட்டும். மாஸ்டர் கும்பகோணம் பக்கத்துக்காரர். அறுபதை ஒட்டிய வயது. உள்ளே மிருதங்கம் பேச ஆரம்பித்தது. வெளியே கூட்டம் வந்து மோதியது. ரவா தோசை ஒன்று சொன்னோம். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“இருங்கோ சார். கொறைப்பு ஓடறது. கடம் வாங்கிண்டார், பாருங்கோ.”

மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, அளவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வரும் கட்டம் அது. மாஸ்டர் காதைத் தகரத்தின் பக்கம் சாய்த்தபடி மாவை வீசினார். கல் சீறியது.

“இப்ப மோரா வரும். அப்புறம் கோர்வை, மூணு தடவை. அதுக்குள்ள இது முறுகிடும்.”

சொன்னபடியே மோரா வந்தது. கோர்வை வந்தது. இரண்டாம் தடவை வரும்போது தோசையின் ஓரம் சிவந்தது. மூன்றாம் தடவை வந்து சமத்தில் விழுந்தபோது தோசையும் கல்லைவிட்டு எழுந்து இரண்டாக மடிந்தது. தகரத்துக்கு அப்பால் சில கைகள் மட்டும் தட்டின. இப்பால் மாஸ்டர் ‘சபாஷ்’ என்றார். வரிசையில் நின்றவர் தோசையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினார்.

“எங்கே கத்துண்டேள்?”

“கத்துக்கவா? முப்பது வருஷமாக் கல்யாணத்துல கச்சேரி நடக்கிறப்போ எனக்கு அடுப்படிலதானே வேலை. செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னே கேட்டது.”

“உள்ளே போய்க் கேட்டதே இல்லையா?”

“இந்தச் சபாலயே ஒரு வாட்டி போனேன் சார். தனி ஆரம்பிச்சதும் சுத்தி எல்லாரும் எழுந்து போயிண்டே இருந்தா. கவனமே நிக்கலை. திரும்பி வந்துட்டேன்.”

எமது ரவா தோசை, வக்ர சஞ்சாரமாக, பின்னால் நின்றவருக்குப் போயிருந்தது.

முடிவுரை

இரண்டாம் வினாவுக்கும் விடை கிடைத்தது. தனி ஆவர்த்தனத்தை முழுதாகக் கேட்பவர், அதற்கு டிக்கெட் வாங்காதவர். அவர் காதுக்கும் கைக்கும் நடுவே நாம் தட்டோடு நிற்கிறோம்.

ஒரு பரிந்துரை. தனி தொடங்கும்போது மாஸ்டரை உள்ளே அழைத்துப் போய் முன்வரிசையில் உட்காரவைக்கலாம். அப்போது தோசையை யார் வார்ப்பது என்ற கேள்வி எழும். ஒருவரும் வார்க்க வேண்டாம். அடுப்பு அணைந்த செய்தி அரங்குக்குள் பரவிய அன்று ஒரு நாற்காலியும் மடங்காது. மாஸ்டருக்கும் கவனம் நிற்கும்.