கடலுக்கு முதுகு காட்டி விரால் பிடித்தல்

விரால் குளத்து மீன். உடன்குடி கடலோரத்து ஊர். இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்தான் உடன்குடியின் அதிகாலைத் தூண்டில்காரர். கிழக்கே வண்டியை விட்டால் கால் மணி நேரத்தில் குலசேகரன்பட்டினம். இன்னும் கொஞ்சம் போனால் மணப்பாடு. வள்ளம் கரைக்கு வரும் நேரம் பார்த்துப் போனால் சாளை, ஊளி, பாறை, விளைமீன் என்று வேண்டியதை வாங்கிக்கொண்டு காப்பி நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம். இவ்வளவு வசதியையும் விட்டுவிட்டு ஒருவர் விடியுமுன் எழுந்து, கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே தேரிக்காட்டுப் பக்கம் கம்பும் வாளியுமாகப் போகிறார் என்றால் அதற்கு விளக்கம் தேவைப்படுகிறது. அவர் வீட்டில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டுவருவதும் அந்த விளக்கம்தான்.

இது உடன்குடிக்கு மட்டும் உரிய கோளாறு அல்ல. அமெரிக்காவில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்றொரு வரிமீன் உண்டு. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆறேறி வரும் சாதி. 1941-இல் தென் கரோலினாவில் சான்டீ ஆற்றை அணைபோட்டு மறித்தபோது மேலே சிக்கிய மீன்கள், கடலைத் தலைமுழுகிவிட்டு நீர்த்தேக்கத்திலேயே குடும்பம் நடத்தத் தொடங்கின. அதைக் கண்ட மற்ற மாநிலங்களும் தங்கள் அணைகளில் குஞ்சு விட்டன. இன்று மே மாத விடியலில் அங்கே மோட்டார் படகு, தண்ணீருக்கடியில் மீன் நிற்கும் இடத்தைக் காட்டும் கருவி, சட்டையில் எட்டுப் பை என்று சகல ஏற்பாட்டோடும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். உடன்குடிக்காரரிடம் படகு இல்லை, கருவி இல்லை, சட்டையில் ஒரே பை, அதிலும் பீடி. மீனும் வேறு. அதன் உடம்பில் ஓடும் வரி மட்டும் பொது.

முதலில் தண்ணீர். உடன்குடியில் நீர்த்தேக்கம் கிடையாது. தேரியின் செம்மணல், பெய்த மழையைப் பெய்த சுவடு தெரியாமல் குடித்துவிடும். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது. அதற்கு முந்தியது மருதூர். மருதூர் மேலக்காலில் மிஞ்சும் வெள்ளம் சடையனேரிக் கால்வாய் வழியாகச் சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்துக் குளங்களுக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ‘ஏற்பாடு’ என்பதை இங்கே அழுத்திப் படிக்க வேண்டும். வந்த ஆண்டில் புத்தன்தருவை போன்ற தருவைகள் மறுகரை தெரியாமல் நிறையும். வராத ஆண்டில் பையன்கள் அதே இடத்தில் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். தூண்டில்காரர் அப்போது நடுவராக இருப்பார்.

தண்ணீர் இருந்தாலும் அதிலுள்ள மீன் பொதுச் சொத்தல்ல. குளம் நீர்வளத்துறைக்கோ ஊராட்சிக்கோ உரியது. மீன் குத்தகைதாரருக்கு உரியது. மீன்பாசி ஏலம் என்று இதற்குப் பெயர். பசலிக் கணக்குப்படி ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் குத்தகை முடியும். குத்தகைதாரர் ஒரு காவல்காரரை வைத்திருப்பார். அவருக்கும் தூண்டில்காரருக்கும் உள்ள உறவை எந்தச் சட்டப் புத்தகமும் வரையறுக்கவில்லை. வலையோடு வருபவரை அவர் விரட்டுவார். தூண்டிலோடு வருபவரைப் பார்த்தால் பக்கத்தில் வந்து குந்துவார். இதில் பெருந்தன்மை இல்லை. தூண்டிலால் குளத்துக்கு நட்டம் வராது என்பதை நெடுங்காலம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர்.

பருவம் சித்திரை, வைகாசி. கத்திரி வெயிலில் குளம் சுருங்கும். நான்கு பக்கமும் பரந்து கிடந்த மீன் மடைப் பள்ளத்தில் வந்து ஒண்டும். கடலிலும் அப்போது ஒரு வசதி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தூத்துக்குடியில் படகுகள் கட்டிக்கிடக்கும். சந்தையில் சீலா விலையைக் கேட்டவர் கேட்ட வேகத்தில் கத்திரிக்காய்க் கடைக்கு நகர்வார். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, மணப்பாட்டில் மீன் வந்துகொண்டுதான் இருக்கிறது என்ற தகவலைத் தூண்டில்காரர் வீட்டில் சொல்வதில்லை. பழைய முத்துக்குளிப்பும் கடல் அடங்கியிருக்கும் பங்குனி, சித்திரையை ஒட்டித்தான் நடந்தது. தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு அது நின்றுபோயிற்று. முத்துக்குளித்தவருக்கு முத்துதான் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, சிப்பியாவது நிச்சயம். விராலுக்குப் போகிறவருக்குச் சிப்பியளவு உறுதியும் கிடையாது.

இனி மீன். விரால் உருண்டு நீண்ட உடம்பும் பாம்புத் தலையும் கொண்டது. விலாவில் கருவரிகள் சாய்ந்து ஓடும். 1793-இல் பெர்லின் மருத்துவர் மார்கஸ் ப்ளோக் இதை அறிவியல் ஏட்டில் ஏற்றினார். செவுள் இருந்தும் அது போதாமல் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன் இது. மேலே வர விடாமல் வலைக்குள் அமுக்கி வைத்தால் தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். காற்றைக் குடிக்கத் தெரிந்ததால்தான் ஈரம் இருக்கும்வரை தரையிலும் தாக்குப்பிடிக்கிறது. ஒரு குளம் பிடிக்காவிட்டால் மழை இரவில் புல்லில் நெளிந்து அடுத்த குளத்துக்குப் போய்விடும்.

இதே திறமை உள்ள பனையேறிக் கெண்டை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1791-இல் தரங்கம்பாடியில் டேனிஷ் அதிகாரி டால்டோர்ஃப், குளக்கரைப் பனையில் ஐந்தடி உயரத்தில் அதைப் பிடித்ததாக எழுதியனுப்ப, லண்டன் லின்னேயன் சங்கம் 1797-இல் அச்சிட்டது. ஏறியதா, பறவை கொண்டுபோய் வைத்ததா என்று அறிஞர்கள் பிறகு வெகுகாலம் வாதாடினார்கள். பனையேற ஆள் கிடைக்காமல் கருப்பட்டி வியாபாரிகள் தவிக்கும் உடன்குடியில் இந்தச் செய்தியை இதுவரை யாரும் தொடர்ந்து விசாரிக்காதது வியப்பே.

விராலின் மதிப்பு ஊருக்கு ஊர் மாறும். தெலங்கானாவுக்கு அது மாநில மீன். ஜூன் தொடக்கத்தில் மிருகசீரிடக் கார்த்தி நாளன்று ஐதராபாத்தில் ஆயிரக்கணக்கான ஆஸ்துமா நோயாளிகள் மருந்து வைத்த உயிர் விரால் குஞ்சை அப்படியே விழுங்க வரிசையில் நிற்கிறார்கள். அமெரிக்காவில் கதை நேர்மாறு. 2002-இல் மேரிலாந்தில் க்ராஃப்டன் ஊர்க் குளத்தில் விராலின் சீனத்துப் பங்காளி ஒன்று அகப்பட்டதும் குளத்துக்கே மருந்தைக் கலந்து எல்லாவற்றையும் கொன்றார்கள்; அதே ஆண்டு உயிருள்ள விரால் வகைகளின் இறக்குமதிக்கு நாடு முழுவதும் தடை வந்தது. மேரிலாந்தின் மாநில மீன் ஸ்ட்ரைப்டு பாஸ் என்பதை இங்கே சேர்த்து வாசித்தால் போதும். சொந்தக்காரருக்குள் நடக்கும் வரப்புத் தகராறு விளங்கிவிடும்.

கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூங்கில் கம்பு, தங்கூசி, தூண்டில் முள், தக்கை. கம்பு வளைந்து நிமிர வேண்டும். முள் நகத்தில் வைத்தால் வழுக்காமல் நிற்க வேண்டும். அண்மைக் காலமாக யூடியூப் பார்த்து வளர்ந்த தலைமுறை ராடும் ரீலும் வைத்திருக்கிறது. இவர்களுடைய பெட்டியில் பச்சை, மஞ்சள், புள்ளி போட்டது என்று ரப்பர் தவளைகள் குடியிருக்கும். ஒரு ரப்பர் தவளையின் விலைக்கு ஒரு வேளை மீன் வாங்கலாம் என்ற கணக்கைச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அடுத்த முறை குழம்பு போகாது.

பழைய ஆட்களுக்கு உயிர்த் தவளைதான் இரை. இல்லாவிட்டால் உயிர்க் கெண்டைப்பொடி. மண்புழுவுக்கு விராலும் வரும். ஆனால் அதற்கு முன் கெளுத்தியும் ஜிலேபிக் கெண்டையும் வந்து பந்தியை முடித்துவிடும். கெளுத்தியின் முள் கையில் குத்தினால் அன்றைய பொழுது அத்தோடு சரி. தவளை பிடிப்பது தனிக்கலை. டார்ச்சோடு வாய்க்கால் ஓரம் இரவில் குனிந்து நடக்கும் ஒருவரைத் தெரு நாய்களும் ரோந்துக் காவலரும் ஒரே கண்ணோடுதான் பார்க்கிறார்கள்.

எழும் நேரம் நான்கு மணி. வீட்டில் மற்றவர் தூக்கம் கலையாமல் கிளம்ப வேண்டும் என்பது நியதி. வாளி இருக்கிறவரை அது நடக்காது. ஊரே தூங்கும்போது தான் ஒருவர் மட்டும் விழித்திருப்பதாகத் தூண்டில்காரருக்கு ஓர் எண்ணம் உண்டு. பனைவிளைக்குள் நுழைந்ததும் அது உதிர்ந்துவிடும். பதநீர்ப் பருவம் அது. இருட்டில் தலைக்கு மேலே பாளையைச் சீவும் சத்தம் கேட்கும். பனையேறி ஏற்கெனவே நாலு மரம் முடித்திருப்பார். அவர் மேலிருந்தபடியே, “அண்ணாச்சி, இன்னைக்காவது அம்புடுமா?” என்று கேட்பார். திரும்பி வரும்போது பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுப்பவரும் அவர்தான் என்பதால் பதில் மரியாதையாகவே இருக்கும்.

குளத்தில் பார்க்க வேண்டியது மீனை அல்ல, அதன் மூச்சை. சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் தலைகாட்டும். அதற்கு முந்திய அரைமணி நேரம் தண்ணீர் அசையாது. ஆம்பல் இலைகளுக்கிடையே கையகல இடைவெளியில் திடீரென்று ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். இலை ஒன்று லேசாக நிமிரும். வட்டம் ஒன்று விரியும். நடுவில் இரண்டு மூன்று குமிழி நின்று உடையும். விரால் காற்றைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டது. எங்கே என்பது தெரிந்துவிட்டது. அந்த வட்டத்துக்கு ஒரு முழம் தள்ளித் தவளை விழ வேண்டும். மேலேயே விழுந்தால் விரால் போய்விடும். மிகத் தள்ளி விழுந்தால் ஆம்பல் தண்டில் முள் மாட்டும். அப்போது இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுக்க வேண்டும். இறங்கிய பிறகு எந்த விராலும் அந்தப் பக்கம் மூச்சு விடாது.

பேசினால் மீன் ஓடிவிடும் என்பது கரையில் நிலவும் உறுதியான நம்பிக்கை. காற்றில் எழும் பேச்சொலியில் தண்ணீருக்குள் போவது மிகச் சொற்பம்; கரையில் தொம் தொம்மென்று நடக்கும் அதிர்வைத்தான் மீன் உடனே உணர்கிறது. ஆகவே பேசுபவரை அதட்டுவதற்காக எழுந்து நடந்துபோகும் தூண்டில்காரரால்தான் மீன் ஓடுகிறது. அதட்டப்படுபவர் பெரும்பாலும் ஆடு மேய்க்கும் பெரியவர். “என்ன அண்ணாச்சி, எதுவும் கடிக்கா?” என்பார். கடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு, போன வாரம் இதே இடத்தில் ஒருவர் முழங்கை நீளத்துக்குப் பிடித்தார் என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒருவரை யாரும் பார்த்ததில்லை. எதிர்க்கரையில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு இதற்குள் இரண்டு உருப்படி முடித்திருக்கும்.

விரால் பசியால் மட்டும் கடிப்பதில்லை, கோபத்தாலும் கடிக்கும். முட்டை பொரித்துப் பார்ப்பு வெளிவந்ததும் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மொய்க்கும். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அப்போது அருகில் எது விழுந்தாலும், ரப்பராக இருந்தாலும், பாய்ந்து கவ்வும். கோடை மழை ஒன்று விழுந்த பிறகு இதை வைகாசியிலேயே பார்க்கலாம். சுலபமான மீன் இதுதான். கேவலமான மீன்பிடிப்பும் இதுதான். காவல் போனால் பார்ப்பு அத்தனையும் கெண்டைக்கும் கொக்குக்கும் போய்ச் சேரும். பழைய ஆட்கள் சிவப்புக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போவார்கள். வெறும் வாளியோடு வீடு திரும்பும் நாளில் இந்த நல்ல வழக்கம் காரணமாகவும் பயன்படும்.

கடித்தால் உடனே சுண்டக் கூடாது. தவளையைக் கவ்வியதும் விரால் சற்று நகர்ந்து, நின்று, பிறகுதான் முழுங்கும். அந்த இடைவெளியில் பொறுமை காட்ட வேண்டும் என்பது எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் அறிவுரை. தங்கூசி இழுபட்டு ஓடும்போது அதைக் கடைப்பிடித்தவர் சிலர். சுண்டிய பிறகு விரால் ஆம்பல் வேருக்குள் தலையைக் கொடுக்கும். கம்பை மேலே தூக்கிப் பிடித்து, விடாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும். கரையில் போட்டதும் வேலை முடிந்ததென்று நினைப்பது பிழை. புல்லில் நெளிந்து தண்ணீர் எந்தப் பக்கம் என்று சரியாகக் கண்டுபிடிக்கும். வாளிக்கு மூடியும், மூடிக்கு மேல் கல்லும், கல்லுக்கு மேல் ஒரு கையும் தேவை.

வீட்டில் அடுத்த கட்டம். விரால் மணிக்கணக்கில் சாகாது. கழுத்தடியில் கத்தி வைத்த பிறகும் வால் ஆடும். வழுவழுப்புப் போக உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டும். கடல்மீன் பழகிய அடுக்களையில் குளத்து மீனுக்கு மண்வாடை என்ற குற்றச்சாட்டு எப்போதும் உண்டு. மோரிலோ புளித்தண்ணீரிலோ ஊறவைத்துக் கழுவினால் அது அடங்கும். புளி சற்றுத் தூக்கலாக, தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பில் முள் குறைந்த அந்தச் சதைத் துண்டு விழுந்த பிறகு குற்றச்சாட்டு திரும்பப் பெறப்படும். தலை யாருக்கு என்ற கேள்வி மட்டும் தீராது.

ஆனி பிறந்தால் தண்ணீர் மடைப் பள்ளத்தையும் விட்டு இறங்கும். குத்தகை முடியுமுன் குத்தகைதாரர் வலையிழுத்துக் குளத்தைத் துடைத்துவிடுவார். சிவகங்கைச் சீமையில் இதை ஊர்த் திருவிழாவாக நடத்துகிறார்கள். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகளோடு ஊரே இறங்கும். இங்கே அந்த ஆரவாரம் இல்லை. வலைக்குத் தப்பிய விரால் சேற்றைக் குடைந்து உள்ளே போய், மேலே வெடித்த மண்ணுக்கடியில் ஈரத்தைப் பற்றிக்கொண்டு அடுத்த தண்ணீர்வரை உயிரை வைத்திருக்கும். வற்றிய குளத்தில் மீனைத் தோண்டியெடுப்பதை 1861-இல் இலங்கையின் இயற்கை வரலாற்றை எழுதிய எமர்சன் டென்னன்டும் குறித்திருக்கிறார். தேரிக்கரை ஊர்களிலும் மண்வெட்டியோடு வந்து எடுப்பவர்கள் உண்டு. வாளி நிறையக் கொண்டும் போகிறார்கள். தூண்டில்காரர்கள் அதை மீன்பிடிப்பில் சேர்ப்பதில்லை. மண்வெட்டி எடுத்தால் அது விவசாயம் என்பது அவர்கள் முடிவு.