மூன்றாவது கை: கண்மாய்க்குள் மீன்பை சுமக்கும் முறைகள் பற்றிய ஓர் ஆய்வு

விராலிமலைக்குப் பெயர் வந்தது விராலிச் செடியால் என்பார்கள். விரால் மீனால் அல்ல. வெளியூர் அறிஞர்கள் குழம்புவதால் முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறோம். ஆனால் கோடையில் சுற்றுவட்டாரக் கண்மாய்கள் வற்றி, மீன்பிடித் திருவிழா கூடும்போது பெயராராய்ச்சிக்கு யாருக்கும் நேரமிருப்பதில்லை. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, தூரி சகிதம் ஊரே தண்ணீருக்குள் பாய்கிறது. அதற்கடுத்த நொடியில் எழும் கேள்விதான் நம் ஆய்வுப்பொருள்: பிடித்த மீனை எங்கே வைப்பது?

சிக்கலின் வேர் ஊத்தாவில் இருக்கிறது. அடி அகன்று, மேல்வாய் குறுகி, இருபுறமும் திறந்த கூடு அது. கலங்கல் தண்ணீரில் அதைக் குத்தி அமுக்க இரண்டு கை வேண்டும். உள்ளே ஏதாவது மோதினால், ஒரு கை அமுக்கியபடி இருக்க, மறு கையை மேல்வாய் வழியே விட்டுத் துழாவ வேண்டும். விரால் அகப்பட்டதும் மூன்றாவது கை தேவைப்படுகிறது. மலைமேல் மயிலில் அமர்ந்திருப்பவருக்குப் பன்னிரண்டு கை. அவரை ஆய்வு வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறோம்.

மூன்றாவது கைக்கு மாற்றாகச் சிலர் பல்லைப் பயன்படுத்துகிறார்கள். இதை மட்டும் ஆய்வாளர் சிரிக்காமல் கண்டிக்கிறார். பனையேறிக் கெண்டை தொண்டைக்குள் வழுக்கினால், செவுள் முள் மாட்டிக்கொண்டு திரும்பி வராது.

தோளில் சாக்கு தொங்கவிடுவோர் அடுத்த வகை. குனியும்போதெல்லாம் சாக்கு முன்னால் சரிந்து வாய் பிளக்கிறது. விழுந்த மீனையே மறுபடி பிடித்து, கணக்கில் இரண்டாகச் சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு. கைலி மடியில் உயிருள்ள கெளுத்தியைக் கட்டிக்கொண்டவர்களிடம் பேட்டி எடுக்க இயலவில்லை, அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கை போதாத சிக்கல் மலைநாட்டுத் தூண்டில்காரர்களுக்கும் உண்டு. டிரவுட் மீனுக்கென்று நீலகிரி அவலாஞ்சியில் 1907-இலேயே குஞ்சுப் பொரிப்பகம் வந்துவிட்டது. அந்த மீனைத் தூண்டிலில் பிடிப்போர் கைவலையைச் சட்டையின் பின்கழுத்து வளையத்தில் தொங்கவிடுவார்கள். இழுத்தால் கழல ஒரு காந்தம், தொலையாமலிருக்க ஒரு சுருள்கயிறு. புதரில் மாட்டினால் கயிறு நீண்டு நீண்டு, பிறகு வலை திரும்பி வந்து முதுகில் அறையும். நம்மவருக்கு இந்தத் துன்பமில்லை. குழந்தையிலேயே இடுப்பில் அரைஞாண் கயிறு ஏறிவிடுகிறது. அதில் பையை, வாய் கைக்கு எட்டும்படி, பக்கவாட்டில் கட்டினால் போதும். முடிச்சு மட்டும் உருவு முடிச்சாக இருக்க வேண்டும். சேற்றுக்குள் கிடக்கும் சீமைக்கருவேல முள் பையைப் பற்றினால், பையை விடலாம்; அரைஞாணை விட்டால் கைலியும் கூடப் போகும்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் ஒருவரைக் கவனித்தோம். பையும் இல்லை, சாக்கும் இல்லை. பின்னாலேயே அவர் மகன் வாளியோடு நடந்தான். மீன் வந்து விழுந்ததும் மூடியை அழுத்திக்கொண்டான். கூலி என்னவென்று விசாரித்தோம். கரையில் மணியடித்துக்கொண்டிருந்த ஐஸ் வண்டியைக் காட்டினான்.