மீன்பரணி

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்றவன்மேல்தான் பரணி பாட வேண்டும் என்பது நம் மரபு. ஐஸ்லாந்து ஒரு யானையையும் கொல்லவில்லை. வெள்ளைக்காரனின் மீன் வலையை அறுத்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கே பாடலாம்.

ராணுவம் இல்லை, கடற்படை இல்லை, விற்றுப் பிழைக்க மீனை விட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட சுண்டைக்காய் நாடு 1958இல் எழுந்து நின்று, கரையிலிருந்து 12 மைல்வரை கடல் என்னுடையது என்றது. பிரிட்டனின் ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களின் இழுவைக் கப்பல்கள் காலங்காலமாகக் காட் மீன் அள்ளிய இடம் அது. இரண்டாம் உலகப் போரில் வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் ரேஷன் போட்ட லண்டன் சர்க்கார், பொரித்த மீனில் மட்டும் கைவைக்கத் துணியவில்லை. ஜனங்கள் ஹிட்லரைப் பொறுத்துக்கொள்வார்கள், இதைப் பொறுக்கமாட்டார்கள். எனவே போர்க்கப்பல்கள் கிளம்பின.

கடலில் கட்டம் போட்டு, அதற்குள் மீன் பிடியுங்கள், நாங்கள் காவல் நிற்கிறோம் என்றது ராஜ கடற்படை. அருமையான ஏற்பாடு. கட்டத்துக்குள் வர வேண்டும் என்று மீனுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. இழுவைக் கப்பலில் ஏறிய ஐஸ்லாந்து காவலர்களை ஈஸ்ட்போர்ன் என்ற போர்க்கப்பல் பிடித்துவைத்தது. பிடித்தவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. சில நாள் சோறு போட்டு, ஒரு ராத்திரியில் சிறு படகில் இறக்கிக் கரைக்கு அனுப்பிவிட்டது. 1961இல் 12 மைலுக்கும் தலையாட்டியாயிற்று.

1972இல் கோடு 50 மைலுக்கு நகர்ந்தது. இம்முறை ஐஸ்லாந்திடம் ஓர் அஸ்திரம் இருந்தது. பீரங்கி அல்ல, நங்கூரம் போன்ற கொக்கியில் வெட்டுப்பற்கள் வைத்த ஒரு கருவி. ரோந்துக் கப்பல் இதைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு, வலை இழுக்கும் கப்பலின் வாலை உரசினாற்போல் குறுக்கே போகும். கம்பிவடம் சிக்கும், அறுபடும்; மீனோடு வலையும் கடலடிக்குப் போகும். முதல் போணி செப்டம்பர் 5 அன்று. பெயரையும் எண்ணையும் கறுப்புச் சாயத்தால் மறைத்திருந்த ஒரு கப்பலிடம் ‘ஏகிர்’ ரோந்துக் கப்பல் பெயர் கேட்டது. ரேடியோவில் பதிலாக வந்தது, அலைகளை ஆள்பவள் பிரிட்டானியா என்னும் தேசபக்திப் பாட்டு! பாட்டைக் கேட்டுக்கொண்டே ஏகிர் கம்பியை அறுத்தது. அலைகளை ஆள்பவர்கள் நிலக்கரி, குப்பை, ஒரு கோடாலி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வீசினார்கள்.

1975இல் 200 மைல். லண்டனில் ரத்தக் கொதிப்பு. இருபதுக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்கள் முறைவைத்து வந்து, ரோந்துக் கப்பல்களோடு முட்டிக்கொண்டன. முட்டியது யார் என்பதில் இரு தரப்புக்கும் இன்றுவரை சந்தேகமில்லை: எதிராளிதான். கப்பல்களை அனுப்பியவர்கள் வரைபடத்தில் ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக்கைப் பார்க்க மறந்துவிட்டார்கள். சோவியத் நீர்மூழ்கிகளை அமெரிக்கா வேவு பார்த்த தளம் அங்கேதான் இருந்தது. மீன் இல்லையென்றால் தளமும் இல்லை, நேட்டோ கூட்டணியில் நாங்களும் இல்லை என்று ஐஸ்லாந்து முறைத்துக்கொண்டது. அமெரிக்காவிடம் பீரங்கிப் படகு கேட்டது. கிடைக்காது என்றதும், சரி, சோவியத்தில் விசாரிக்கிறோம் என்றது. வாஷிங்டனுக்கு வியர்த்தது. 1976 பிப்ரவரியில் பிரிட்டனுடன் தூதரக உறவே முறிந்தது. ஜூனில் பிரிட்டன் கையெழுத்துப் போட்டது: 24 கப்பல்கள், ஆறு மாதம், பிறகு நடையைக் கட்டு.

கடல் எல்லாருக்கும் பொது என்று அதுவரை உபதேசித்த பிரிட்டன், 1977 ஜனவரி 1 முதல் தானும் 200 மைல் கோடு போட்டுக்கொண்டது.

ஜெயித்த ஐஸ்லாந்து சும்மா இருந்ததா? வெள்ளைக்காரன் போனபின் தானே வாரிக்குவித்தது. 1984இல் பிடிப்புக்கு ஒதுக்கீடு வைக்க நேர்ந்தது. 1990 சட்டத்துக்குப் பின் ஒதுக்கீடு தாராளமாகக் கைமாறியது; பெரிய கம்பெனிகள் வாங்கிச் சேர்த்தன. கடலோரச் சிற்றூர்களில் படகு இருந்தது, பிடிக்க உரிமை இல்லை. பிரிட்டிஷ்காரன் பொரிப்பதற்கான காட் மீனை ஐஸ்லாந்திடம் காசு கொடுத்து வாங்கினான்.

ஹல் மீனவர்களுக்கு வேலை போனது. நீங்களெல்லாம் தினக்கூலிகள், நஷ்டஈடு கிடையாது என்று கைவிரித்த சர்க்கார், 2000ஆம் ஆண்டில் மனமிரங்கி ஒரு திட்டம் அறிவித்தது. ஓராண்டு உழைப்புக்கு 1,000 பவுண்டு, உச்சவரம்பு 20,000. அதற்குள் வயதாகிச் செத்தவர்கள் போக, மிச்சமிருந்தவர்கள் விண்ணப்பித்தார்கள்.