வவுச்சர் இல்லாத வெண்டைக்காய்

34 வருஷம் ஆடிட் ஆபீசில் குப்பை கொட்டினேன். ஒரு டீச் செலவுக்கு வவுச்சர் இல்லை என்று ஒரு செயற்பொறியாளரை மூன்று மாதம் அலையவிட்டவன் என்று எனக்குப் பெயர் உண்டு. நான் ரிட்டயரான அன்று மாலையோடு வந்த அவர், கை குலுக்கும்போது கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினார். அப்படிப்பட்ட நான், "வெண்டைக்காயைக் கீறி இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, விடிகாலையில் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கும்" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒற்றை வரியை மறுபேச்சில்லாமல் பாஸ் பண்ணிவிட்டேன். அனுப்பியவன் மைத்துனன். அவனுக்கு யார் அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. பலமுறை பகிரப்பட்டது என்று தலையிலேயே போட்டிருந்தது. அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். நான் சிபாரிசுக் கடிதம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெண்டைக்காய்த் தண்ணீரைக் 'குடிப்பது' என்று சொல்வது தப்பு. டம்ளரைச் சாய்த்தால் அது ஒரே குடும்பமாகக் கிளம்பி வரும். பாதியில் நிறுத்தப் பார்த்தால், மீதிப் பாதி வாய்க்கும் டம்ளருக்கும் நடுவே பாலம் கட்டிக்கொண்டு நிற்கும். மூன்று வாரம் இந்தத் தவத்தைச் செய்தேன். ஆரம்பிக்கும்போது வெறும் வயிற்றுச் சர்க்கரை 162. மூன்று வாரம் கழித்து 128. குடும்பக் குரூப்பில் இரண்டு எண்களையும் போட்டு, நடுவில் ஒரு வெண்டைக்காய்ப் படமும் போட்டேன். மைத்துனன், "சொன்னேன்ல மாமா!" என்று ஆறு கைகூப்பல் அனுப்பினான்.

என் மனைவி கோமதி போனைப் பார்த்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"162 எடுத்தது என்னைக்கு?"

"தீபாவளிக்கு மறுநாள்."

"அதிரசமும் லட்டும் மிச்சம் இருந்த நாள். மூணு வாரத்துல டப்பா காலி. தானா இறங்காதா? சரி, டாக்டர் மாத்திரையை 500லேர்ந்து 1000 ஆக்கினது எந்த வாரம்?"

"அதே வாரம்தான். ஆனா..."

"அஞ்சரைக்கு எழுந்து குடிக்கணும்னு ஒம்பதரைக்கே படுத்துடறீங்க. ராத்திரி பதினோரு மணி மிக்சர் யார் கணக்குல போச்சு?"

ஒரே மூச்சில் மூன்று அப்ஜெக்ஷன். என் சர்வீசில் நானே ஒரு பக்கத்துக்கு இரண்டுக்கு மேல் போட்டதில்லை. மாத்திரை, மிக்சர், தீபாவளி ஆகிய மூவர் செய்த வேலைக்கு வெண்டைக்காய் தனியாகக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியிருக்கிறது. இதற்குப் பெயர் போலி மஸ்டர் ரோல். பொதுப்பணித்துறையில் நான் எத்தனை பிடித்திருக்கிறேன்!

ஆனாலும் ஒரு துருப்புச் சீட்டை வைத்திருந்தேன். "ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டாமா? நீ தண்ணீர் குடிக்கவில்லை. உனக்கும் அளந்து பார்ப்போம்" என்று கோமதியின் விரலில் குத்தினேன். 104. எனக்குப் புரியவில்லை.

"ஊறின வெண்டைக்காயை என்ன பண்றேன்னு நினைச்சீங்க? கிலோ விக்கிற விலைக்குத் தூக்கியா போடுவேன்? தினமும் பொரியல் பண்ணி நான்தான் சாப்பிடறேன்."

மருந்து சாப்பிடாத தரப்பு என்று நான் நினைத்திருந்த தரப்பு, மருந்தையே தாளித்துச் சாப்பிட்டிருக்கிறது.

அவளை மடக்க ஆதாரம் தேடித்தான் படிக்க உட்கார்ந்தேன். முதலில் கிடைத்ததே அடி. 2013இல் ஷோன்ஃபெல்ட், அயோனிடிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பழைய அமெரிக்கச் சமையல் புத்தகத்திலிருந்து குருட்டாம்போக்கில் 50 பொருள்களைப் பொறுக்கி, எதெல்லாம் புற்றுநோயோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது என்று தேடினார்கள். 40 பொருள்களுக்கு ஆய்வு இருந்தது. பல பொருள்களுக்கு, 'வரவழைக்கும்' என்று ஒரு ஆய்வும் 'தடுக்கும்' என்று இன்னொன்றும் இருந்தன. எங்கள் பெரியப்பா ஜாதகம் பார்த்துச் சொன்னால் இப்படித்தான் இருக்கும். யோகமும் உண்டு, கண்டமும் உண்டு.

அடுத்தது சாக்லேட். ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர் 2015இல் ஜெர்மனியில் உண்மையிலேயே ஒரு ஆய்வு நடத்தினார். கடைசியில் தேறியவர்கள் 15 பேர். மூன்று குழு, மூன்று வாரம். ஒரு குழுவுக்கு மட்டும் தினமும் கறுப்புச் சாக்லேட். எடை, தூக்கம், கொழுப்பு என்று 18 விஷயங்களை அளந்தார். இத்தனை குறைவான ஆட்களிடம் இத்தனை விஷயங்களை அளந்தால், ஏதோ ஒன்றில் தற்செயலாகவே வித்தியாசம் தெரியும். அப்படி ஒன்றாவது சிக்குவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம். அவர் வலையில் எடை சிக்கியது. 600 யூரோ கட்டணம் கட்டி ஒரு ஆய்விதழில் ஏற்றினார். 'சாக்லேட் சாப்பிட்டால் சீக்கிரம் இளைக்கலாம்' என்று பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. பிறகு அவரே, எல்லாம் உங்களைச் சோதிக்கத்தான் என்று உடைத்துவிட்டார். எத்தனை பேரை வைத்துச் செய்தீர்கள் என்று யாருமே கேட்கவில்லையாம். நான் சிரிக்க ஆரம்பித்தேன். பாதிச் சிரிப்பில் என் ஆய்வில் எத்தனை பேர் என்று ஞாபகம் வந்தது. என்னோடு சேர்த்து ஒருவர்.

உண்மையில் என்னை உட்காரவைத்தது அடுத்ததாகப் படித்தது. வேலைக்குப் போன காலமெல்லாம் நான் ரயில் ஏறியது தாம்பரம் சானடோரியம் நிலையத்தில். காசநோய்க்கு நல்ல காற்று, முழு ஓய்வு, முட்டை, பால் இவைதான் வைத்தியம் என்று உலகமே நம்பிய காலத்தின் பெயர் அது. எங்கள் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் இந்த நம்பிக்கைக்கு வவுச்சர் கேட்டது. நோயாளிகளைக் கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், நல்ல சாப்பாடும் ஓய்வுமாக. மறுபாதி நெருக்கடியான ஏழை வீடுகளில், இருக்கிற கஞ்சியைக் குடித்துக்கொண்டு. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959இல் முடிவு வெளியானது. இரண்டு தரப்பும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமாயின. மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் வீடே போதும் என்று உலகம் வழியை மாற்றிக்கொண்டது.

அப்படியானால் முட்டையும் பாலும் வீண் என்று கோமதியிடம் ஓடினேன். "வந்த நோய் போறதுக்கா, வராம இருக்கறதுக்கா?" என்று கேட்டாள். திரும்பி வந்து மேலும் படித்தேன். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், காசநோயாளிகளோடு அவர்கள் வீட்டாருக்கும் உணவுப் பொட்டலம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நோயாளிக்கு மட்டும் கொடுத்த வீடுகளோடு ஒப்பிட்டால், அந்த வீட்டாருக்கு நோய் வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு. அவள் இதைப் படித்ததில்லை. கேள்வியை மட்டும் என்னைவிட ஒழுங்காகக் கேட்கிறாள். நானோ, அந்த மையம் இருக்கிற சேத்துப்பட்டில் ரயில் நிற்கிறபோதெல்லாம் சுண்டல் விற்பவனைத்தான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? முறையாக ஆய்வு செய்வது என்று முடிவு கட்டினேன். இரண்டு வாரம் வெண்டைக்காய் இல்லை, அடுத்த இரண்டு வாரம் உண்டு. மாத்திரை, சாப்பாடு, மிக்சர் (ரத்து) எல்லாம் மாறாது. கோடு போட்ட நோட்டு வாங்கி, தேதி, நேரம், விரல் என்று கட்டம் கட்டினேன்.

வெண்டைக்காய் இல்லாத இரண்டு வாரமும் சர்க்கரை 126 பக்கத்திலேயே நின்றது. ஒரு நாளாவது ஏறித் தொலைக்கக் கூடாதா என்று விடிகாலையில் வேண்டிக்கொண்ட ஒரே சர்க்கரை நோயாளி நானாகத்தான் இருப்பேன். மறுபடி வெண்டைக்காய் தொடங்கிய நான்காம் நாள், 139.

இது விரலின் கோளாறு என்று அடுத்த விரலில் குத்தினேன். 131. மோதிர விரல், 124. மோதிர விரல் எப்போதுமே நாணயமானது. நோட்டில் 124 எழுதினேன். மறுநாளிலிருந்து நல்ல எண் வரும்வரை விரல்களைச் சுற்றிவந்தேன். 139 என்று முதலில் எழுதிவிட்ட இடங்களை அடித்து, மேலே 124 என்று திருத்தினேன். விஷயம் என்னவென்றால், வீட்டில் சர்க்கரை அளக்கும் கருவிகளுக்கான உலகத் தரமே அப்படித்தான். 100க்கு மேற்பட்ட அளவுகளில், நூற்றுக்கு 95 தடவை 15 சதவீதம் முன்னே பின்னே இருந்தால் போதும், கருவி பாஸ். என்னுடைய 128 என்பது 112ஆகவும் இருக்கலாம், 150ஆகவும் இருக்கலாம். நான் குரூப்பில் கொண்டாடியதில் பாதியைக் கருவியின் கைநடுக்கமே தந்திருக்கலாம். இதைப் படித்தது பத்தாம் நாள். அதற்குள் எட்டு விரல்களில் ஓட்டை.

பதினான்காம் நாள் மாலை, நோட்டைக் கோமதியிடம் நீட்டினேன். வெண்டைக்காய் வாரங்களின் சராசரியைச் சிவப்பு மையில் கட்டம் போட்டிருந்தேன். அவள் சராசரியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கண்ணாடி இறங்கியது.

"இத்தனை அடித்தல் திருத்தல் இருக்கே. எதுலயும் இனிஷியல் காணோமே?"

பேனாவைத் தேடி எடுத்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் இனிஷியல் போட்டுக் கொடுத்தேன். குத்துப்பட்ட விரலோடு எழுதியதில் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.